மணல் நிலத்து வீட்டுக்கு ஏற்ற வக்யூம் கிளீனர்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அந்த வாவிக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் மணற்றரையில்தான் கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, குருக்கள்மடம், களுவாஞ்சிக்குடி என்று எழுவான்கரை ஊர்கள் வரிசையாக அமைந்திருக்கின்றன. இங்கே வளவே மணல்தான். வாசலில் எத்தனை கால்மிதி போட்டாலும் பிள்ளைகளின் காலோடும் செருப்போடும் மணல் உள்ளே வந்துவிடும். கச்சான் வீசும் மாதங்களில் யன்னலைச் சாத்தி வைத்தாலும் கதிரையிலும் மேசையிலும் மெல்லிய புழுதி படிந்திருக்கும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வெள்ளாமை வெட்டும் காலத்தில் வைக்கோல் தூசும், கிரவல் வீதியின் செம்புழுதியும் வீட்டுக்குள் வரும். மாரி தொடங்கினால் ஈரம். வருடம் முழுவதும் உப்புக் காற்று.

வக்யூம் கிளீனர் வாங்கப் போகும்போது நினைவில் வைக்க வேண்டியவை இவைதான். குளிர்நாட்டுக் கம்பள வீட்டுக்காக எழுதப்பட்ட ஆலோசனை நமக்கு அப்படியே பொருந்தாது. நமது வீட்டில் இந்தக் கருவியின் ஆயுளைத் தீர்மானிப்பவை இரண்டு. உறிஞ்சிய மணல் மோட்டருக்குப் போகாமல் தடுக்கப்படுகிறதா? அதன் பையும் ஃபில்டரும் இன்னும் ஐந்தாறு வருடத்துக்குக் கிடைக்குமா? இந்த இரண்டுக்கும் நல்ல பதில் உள்ள கருவியே கொடுத்த காசுக்குப் பெறுமதி தரும். பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் வாட்ஸ் கணக்கு இதற்குப் பிறகு பார்க்க வேண்டிய விஷயம்.

முதலில், உங்களுக்குத் தேவையா?

இரண்டு அறை, ஒரு விறாந்தை, குசினி, தரை முழுக்கச் சீமெந்து அல்லது டைல்ஸ், பிளாஸ்டிக் கதிரை, பாய். உங்கள் வீடு இப்படி இருந்து, வீட்டில் ஒருவருக்கும் மூச்சுத் தொல்லை இல்லையென்றால், நல்ல தும்புத்தடியும் ஈரத்துணியும் போதும். அந்தக் காசை வேறு தேவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வக்யூம் கிளீனர் உண்மையில் உதவுவது நான்கு வகை வீடுகளுக்கு. ஆஸ்துமா அல்லது ஓயாத தும்மல் உள்ளவர் இருக்கும் வீடு முதலாவது. துணி சோபா, தடித்த மெத்தை, கம்பளம், தொழுகை விரிப்பு உள்ள வீடு இரண்டாவது. குனிந்து கூட்ட முடியாத முதியவர் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வீடு மூன்றாவது. தையல் மெஷின் ஓடும் வீடு நான்காவது. அங்கே துணிப்பஞ்சு மூலை முடுக்கெல்லாம் சேரும், தும்புத்தடிக்கு அது அகப்படாது.

கூட்டும்போது தூசியில் ஒரு பகுதி காற்றில் கிளம்பி மறுபடியும் படிகிறது. கூட்டுபவரின் மூக்குக்குள்ளும் போகிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கன்டன் நகரக் கடையொன்றில் துப்புரவு வேலை செய்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர் இதனால்தான் துன்பப்பட்டார். ஆஸ்துமாக்காரரான அவர் மின்விசிறி மோட்டரையும் தலையணை உறையையும் இணைத்துச் செய்த கருவிக்கு 1908இல் காப்புரிமை பெற்றார். அதை வாங்கி உலகம் முழுக்க விற்றவர்தான் ஹூவர். வீடுகளில் இன்று ஓடும் மின் வக்யூம் கிளீனரின் மூதாதை, தூசியால் மூச்சுத் திணறிய ஒரு தொழிலாளியின் கையால் பிறந்தது. மூச்சுத் தொல்லை உள்ள வீட்டுக்கு இது ஆடம்பரப் பொருள் அல்ல என்று சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

வயர் உள்ளதா, பற்றரியா?

பற்றரியில் ஓடும் கருவி கைக்கு இலகு. ஆனால் அதே விலைக்கு வயர் உள்ள கருவி கூடுதல் பலத்தோடும், நேர வரையறை இல்லாமலும் வேலை செய்யும். லித்தியம் பற்றரிக்கு வெப்பம் பகை. நமது ஊர் வெக்கையில், கூரைத் தகட்டுக்குக் கீழே சுவரில் மாட்டி வைத்தால் அது வேகமாக வலுவிழக்கும். பற்றரி போனால் மாற்று வாங்க வேண்டும். அந்த மாடல் நின்றுபோயிருந்தால் முழுக் கருவியும் வீண். சிறிய வீட்டில் வயரின் தொல்லையும் குறைவு. நடு ஹோலில் உள்ள ஒரு பிளக் பொயின்டிலிருந்தே பெரும்பாலான இடங்களுக்கு எட்டும். ஆகவே குறைந்த செலவில் நீண்ட காலம் பாவிக்க நினைப்பவர்கள் வயர் உள்ளதையே எடுங்கள்.

வாட்ஸைப் பார்த்து ஏமாற வேண்டாம்

பெட்டியில் 1600, 2000, 2400 என்று எழுதியிருப்பது கருவி இழுக்கும் மின்சாரத்தின் அளவு. அது உறிஞ்சும் பலத்தின் அளவல்ல. காற்று எவ்வளவு வேகமாக ஓடுகிறது, எவ்வளவு அழுத்தத்தோடு இழுக்கப்படுகிறது என்ற இரண்டும் சேர்ந்ததே உறிஞ்சும் பலம். சில நிறுவனங்கள் இதை "ஏர் வாட்ஸ்" அல்லது "சக்ஷன் பவர்" என்று தனியாக எழுதும். அழுத்தத்தை மட்டும் கிலோபாஸ்கலில் எழுதுவதும் உண்டு. இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது இந்த எண்களைத் தேடுங்கள். வாட்ஸ் மட்டும் போட்டு மற்றதை மறைத்திருந்தால் கடைக்காரரிடம் கேளுங்கள்.

வாட்ஸ் கூடினால்தான் நன்றாக உறிஞ்சும் என்ற எண்ணத்தை ஐரோப்பா சட்டத்தாலேயே மாற்றியது. 2014 செப்டெம்பரில் அங்கே வக்யூம் கிளீனருக்கு 1600 வாட்ஸ் உச்ச வரம்பு வந்தது. 2017 செப்டெம்பரில் அது 900 வாட்ஸாகக் குறைந்தது. குறைந்த மின்சாரத்தில் அதே அளவு தூசியை எடுக்கும்படி உற்பத்தியாளர்கள் காற்று செல்லும் பாதையையும் வாய்ப் பகுதியையும் திருத்தி வடிவமைத்தார்கள். மோட்டர் குறைந்தது 500 மணித்தியாலம் தாங்க வேண்டும், குழாய் 40,000 தடவை வளைத்தாலும் உடையக் கூடாது, சத்தம் 80 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பவையும் அதே விதிகளில் இருந்தன. கிழமைக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் 20 நிமிடம் ஓட்டினால், வருடத்துக்கு ஏறத்தாழ 35 மணித்தியாலம்தான் ஆகிறது. 500 மணித்தியாலம் தாங்கும் மோட்டர் நமக்குப் பத்து வருடத்துக்கு மேல் போதும். ஆனால் அதற்குள் மணல் போகாமல் இருக்க வேண்டும்.

சிறிய வீட்டுக்கு 800 முதல் 1400 வாட்ஸ் வரை உள்ள நல்ல கருவி போதுமானது. பலத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால் இன்னும் நல்லது. யன்னல் சீலையை இழுத்துக்கொள்ளாமல் தூசியை மட்டும் எடுக்க அது உதவும்.

எந்த வகை?

பை உள்ள சிலிண்டர் வகை: சில்லுகளில் ஓடும் சிறிய உடல், வளையும் குழாய், நீட்டிச் சுருக்கும் தடி. தூசி ஒரு பைக்குள் சேரும். நிறை பொதுவாக 4 முதல் 6 கிலோ. சிறிய வீட்டுக்கு என் முதல் தெரிவு இதுதான்.

பை இல்லாத சைக்ளோன் வகை: தூசி சுழன்று ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் விழும். பை வாங்கும் செலவில்லை. ஆனால் கிண்ணத்தைக் கொட்டும்போது மெல்லிய தூசி மீண்டும் எழும்பும். ஆஸ்துமாக்காரர் அதைச் செய்யக் கூடாது. மலிவான சைக்ளோன்களில் தூசி சரியாகப் பிரியாமல் ஃபில்டரில் அப்பிக்கொள்ளும். அடிக்கடி கழுவிக் காயவைக்க வேண்டிவரும். நம் மாரியில் ஒரு ஃபில்டர் முழுதாகக் காய இரண்டு மூன்று நாட்கூட எடுக்கும்.

ட்ரம் வகை: ஈரம், உலர் இரண்டையும் இழுக்கும் வாளி போன்ற கருவி. 15 முதல் 20 லீற்றர் கொள்ளும். இதில் ஒரு பெரிய அனுகூலம் உண்டு. தண்ணீரையும் இழுக்க வேண்டியிருப்பதால், மோட்டரைக் குளிர்விக்கும் காற்று வேறு பாதையால் வருகிறது. விறாந்தை மணல், மோட்டார் சைக்கிள் திருத்தும் இடம், கடை, முச்சக்கர வண்டி, கார் என்று கரடுமுரடான வேலை உள்ள வீட்டுக்கு இது ஏற்றது. பெரிய உடல், கூடிய சத்தம், வைக்க இடம் வேண்டும் என்பவை குறைகள்.

நேர்த் தடி வகை: வயரோடு வரும் மெல்லிய கருவி. விலை குறைவு, மூலையில் சாத்தி வைக்கலாம். பெரும்பாலும் மோட்டர் சிறியது. தூசிக் கிண்ணமும் ஃபில்டரும் சிறியவை. ஒற்றை அறையில் தங்கியிருப்பவருக்குப் போதும். மணல் வளவு உள்ள வீட்டுக்குப் போதாது.

தண்ணீரில் தூசியைப் பிடிக்கும் வகை: வீடு வீடாக வந்து காட்டி விற்பார்கள். மெத்தையிலிருந்து எடுத்த கறுப்புத் தூசியைக் கண்முன் காட்டும்போது மனம் இளகும். எந்த நல்ல வக்யூம் கிளீனரும் அதே மெத்தையில் அதே அளவு அழுக்கை எடுக்கும். விலையோ பல மடங்கு. ஒவ்வொரு தடவையும் தண்ணீரை ஊற்றிக் கழுவிக் காயவைக்காவிட்டால் நாற்றமும் பூஞ்சணமும் பிடிக்கும். அந்த விற்பனையாளர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டாம். ஒரு கிழமை தவணை கேளுங்கள்.

மணல் மோட்டரை என்ன செய்கிறது

சிலிண்டர் வகையில், உறிஞ்சிய காற்று பையையும் ஃபில்டரையும் தாண்டி மோட்டருக்கு ஊடாகவே வெளியேறுகிறது. மோட்டரைக் குளிர்விப்பதும் அந்தக் காற்றுத்தான். மோட்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 30,000 தடவை சுழல்கிறது. அந்த வேகத்தில் ஒரு மணற்குறுணி விசிறியில் பட்டால் அதன் இதழ்களைத் தேய்க்கும். பெயாரிங்கில் புகுந்தால் சத்தம் வரும். நுண்தூசி ஃபில்டரை அடைத்தால் காற்றோட்டம் குறைந்து மோட்டர் சூடேறும். மோட்டர் எரிந்துபோவதற்கு வாட்ஸ் குறைவு காரணமல்ல. அடைத்துக் கிடந்த ஃபில்டரே பெரும்பாலும் காரணம்.

அதனால்தான் பை உள்ள கருவியை வற்புறுத்துகிறேன். பை மணலுக்கும் மோட்டருக்கும் இடையிலுள்ள முதல் சுவர். பல மடிப்புள்ள செயற்கை இழைப் பை, காகிதப் பையைவிட நமக்கு ஏற்றது. ஈரப்பதனில் காகிதம் நைந்துபோகும், மணற்குறுணி அதைக் கிழிக்கும். கழுவிப் பாவிக்கும் துணிப்பை கருவியோடு வந்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதன் நெசவு இடைவெளியால் நுண்தூசி தப்பிவிடும். சாதாரணத் தரைக்குத் துணிப்பை, மெத்தைக்கும் சோபாவுக்கும் இழைப் பை என்று மாறிப் பாவித்தால் செலவும் குறையும்.

மோட்டருக்கு முன்னால் ஒரு ஃபில்டர், காற்று வெளியேறும் இடத்தில் இன்னொன்று என இரண்டு இருக்க வேண்டும். மூடியைத் திறந்து கண்ணால் பாருங்கள். மோட்டருக்கு முன்னுள்ள ஃபில்டர் ஒரு மெல்லிய பஞ்சுத் துண்டு மட்டும் என்றால் அந்தக் கருவியை விட்டுவிடுங்கள்.

எவ்வளவு நல்ல கருவியானாலும், விறாந்தையில் கும்பலாகக் கிடக்கும் மணலை முதலில் தும்புத்தடியால் தள்ளிவிடுங்கள். எஞ்சிய மெல்லியதைத்தான் கருவிக்குக் கொடுக்க வேண்டும்.

மெத்தை, மூச்சு, ஹெப்பா ஃபில்டர்

வீட்டுத் தூசியில் வாழும் உண்ணிகள் கண்ணுக்குத் தெரியாதவை. அவை தண்ணீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தை உடம்பால் ஈர்த்து வாழ்கின்றன. ஈரப்பதன் 50 வீதத்துக்கு மேல் இருந்தால் அவை செழிக்கும். வாவிக்கரையில் பெரும்பாலான நாட்களில் அதைவிடக் கூடவே இருக்கும். தும்மலையும் ஆஸ்துமாவையும் தூண்டுவது அவற்றின் கழிவும் உடற்துகளும்தான்.

ஹெப்பா எனப்படும் ஃபில்டர், 0.3 மைக்ரோன் அளவுத் துகள்களில் 99.97 வீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அமெரிக்க நியமம். ஐரோப்பாவில் எச்13 என்ற தரம் 99.95 வீதம். பெட்டியில் "எச்13" போன்ற தரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். "ஹெப்பா டைப்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது அந்தத் தரத்துக்கு உத்தரவாதம் அல்ல. மூடியைச் சுற்றி றப்பர் வளையம் இறுக்கமாக இருக்க வேண்டும். ஃபில்டர் எவ்வளவு நல்லதென்றாலும், பொருத்தின் இடைவெளியால் காற்று கசிந்தால் அதனால் பயனில்லை.

மூச்சுத் தொல்லை உள்ளவர் இல்லாத வீட்டுக்கு ஹெப்பா கட்டாயமில்லை. உள்ள வீட்டில், சுத்தம் செய்யும் வேலையை வேறு ஒருவர் செய்ய வேண்டும். நோயாளி வேறு அறையிலோ வெளியிலோ இருந்து, அரை மணித்தியாலம் கழித்து வரட்டும். மெத்தையை மாதத்துக்கு இரண்டு தடவையாவது, மெதுவாக ஒவ்வொரு பகுதியாக இழுங்கள். ஆனால் உயிருள்ள உண்ணிகள் நூலிழையைப் பற்றிக்கொண்டு அங்கேயே இருக்கும். வக்யூம் கிளீனரால் மட்டும் அவை ஒழியாது. படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் கிழமைக்கொரு தடவை 60 பாகை சூடான தண்ணீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுவதும் சேர்ந்தால்தான் பலன். வைத்தியர் தந்த மருந்துக்கு இவை மாற்றும் அல்ல.

வாய்ப் பகுதி, தடி, குழாய்

நமது வீடுகளில் தரை கடினமானது. ஆகவே மென்மையான மயிர் வைத்த தரை பிரஷ் கட்டாயம். அது இல்லாமல் மணலை இழுத்தால் டைல்ஸில் கீறல் விழும், மணற்குறுணி வாய்க்கு முன்னால் உருண்டு ஓடும். கால் பட்டனை அழுத்தினால் மயிர் வெளியே வந்து உள்ளே போகும் இரட்டைப் பாவனைப் பிரஷ் இருந்தால் தரைக்கும் கம்பளத்துக்கும் ஒன்றே போதும். டைல்ஸ் இடுக்கு, கதவு நிலை, அலுமாரி மூலைக்கு ஒடுங்கிய வாய் வேண்டும். மெத்தைக்கும் சோபாவுக்கும் அகன்ற சிறிய வாய் வேண்டும். சுழலும் பிரஷுக்குக் கூடுதலாகக் காசு கொடுக்காதீர்கள். தடித்த கம்பளம் இல்லாத வீட்டில் அதற்கு வேலையில்லை.

தடி உலோகமாக இருந்தால் நல்லது. துருப்பிடிக்காத உருக்கு அல்லது அலுமினியம் கேளுங்கள். குரோம் பூசிய மலிவு இரும்பு, கடற்கரை வீட்டில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். தடியை உங்கள் உயரத்துக்கு நீட்டி, குனியாமல் பிடிக்க முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். தடியின் விட்டத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 32 மில்லிமீற்றர் அல்லது 35 மில்லிமீற்றர் என்றால் பிற நிறுவனங்களின் பிரஷ்களும் பொருந்தும்.

வயர், பிளக், மின்சாரம்

இலங்கை மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் கருவியில் 220 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருக்க வேண்டும். 110 அல்லது 120 வோல்ட் கருவியை அனுப்ப வேண்டாம் என்று கனடாவிலுள்ள பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள். இங்கிலாந்துக் கருவி 13 ஆம்பியர் சதுர முனைப் பிளக் பொயின்டில் அப்படியே பொருந்தும். ஐரோப்பிய இரட்டை உருண்டை முனைப் பிளக்கோடு வந்தால், மலிவு அடப்டர் மாட்டாமல் மின்னியலாளரைக் கொண்டு 13 ஆம்பியர் சதுர முனைப் பிளக் போடுங்கள்.

900 வாட்ஸ் கருவி ஏறத்தாழ 4 ஆம்பியர் இழுக்கும், 1600 வாட்ஸ் 7 ஆம்பியர், 2000 வாட்ஸ் ஏறத்தாழ 9 ஆம்பியர். பழைய வீடுகளில் உள்ள 5 ஆம்பியர் சிறிய பிளக் பொயின்டில் பெரிய கருவியைப் போட்டால் பொயின்ட் உருகும். நீட்டு வயர் பாவித்தால் 13 ஆம்பியர் தாங்கும் தடித்த வயராக எடுத்து, சுருளை முழுவதும் அவிழ்த்துவிட்டுப் பாவியுங்கள். சுருண்டு கிடக்கும் வயர் சூடேறும்.

ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்த அடையாளம் கருவியில் இருந்தால், அது இரட்டைக் காவல் உள்ளது. எர்த் வயர் தேவைப்படாது. பெரும்பாலான வீட்டு வக்யூம் கிளீனர்கள் இந்த வகைதான். ஆனாலும் வீட்டு ட்ரிப் சுவிச் சரியாக வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பட்டனை மாதத்துக்கு ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்.

வயர் 5 மீற்றருக்குக் குறையக் கூடாது. குழாயும் தடியும் சேர்ந்தால் மொத்தம் 7, 8 மீற்றர் வரை எட்டும். வீட்டை ஒரு தடவை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

பில் பயம் வேண்டாம். 1000 வாட்ஸ் கருவியை 20 நிமிடம் ஓட்டினால் மூன்றில் ஒரு யூனிட். மாதத்துக்கு எட்டுத் தடவை என்றால் 3 யூனிட்டுக்கும் குறைவு. 2000 வாட்ஸ் கருவிக்கு ஏறத்தாழ 5 யூனிட் போகும். வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவதால், மாதம் 60 யூனிட்டின் விளிம்பில் நிற்கும் வீடுகள் மட்டும் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

விலையை எப்படிக் கணக்கிடுவது

விலை அடிக்கடி மாறுவதால் இங்கே எழுதுவதில் பயனில்லை. கணக்குப் போடும் முறையைச் சொல்கிறேன். கருவியின் விலையோடு, பாவிக்கப்போகும் வருடங்களுக்கான பை, ஃபில்டர் செலவைக் கூட்டி, வருட எண்ணிக்கையால் பிரியுங்கள். விளங்கிக்கொள்வதற்காக மட்டும் ஒரு உதாரணம்: 30,000 ரூபாய்க் கருவி இரண்டு வருடத்தில் பழுதானால் வருடச் செலவு 15,000. 45,000 ரூபாய்க் கருவிக்கு வருடம் 3,000 ரூபாய் பைச் செலவாகி ஏழு வருடம் ஓடினால், மொத்தம் 66,000. வருடத்துக்கு 9,500 ரூபாய் கூட வராது. மலிவானது எது என்பது இந்தக் கணக்குக்குப் பிறகே தெரியும்.

தவணைக்கு எடுப்பவர்கள் மாதக் காசை மட்டும் பார்க்காமல், கடைசி வரை கட்டும் மொத்தத் தொகையைக் கேட்டு, அதையே கருவியின் விலையாக வைத்துக் கணக்கிடுங்கள்.

2020 முதல் சில வருடங்கள் அந்நியச் செலாவணி நெருக்கடியால் பல பொருட்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அந்தக் காலம் கற்பித்த பாடத்தை மறக்க வேண்டாம்: நாட்டில் முகவரும் உதிரிப்பாகமும் இல்லாத கருவி, ஒரு சின்ன ஃபில்டருக்காக மூலையில் கிடந்துவிடும். வாங்கும் அன்றே ஒரு பை பெட்டியும் ஒரு மாற்று ஃபில்டரும் சேர்த்து எடுங்கள். கடையில் அவை இல்லையென்றால், அந்த மாடலைத் தெரிவுசெய்ய வேண்டாம்.

கடையில் கேட்க வேண்டியவை

- "தம்பி, இதுக்குப் பை தனியா எடுக்கலாமா? மட்டக்களப்பிலயே இருக்குதா, கொழும்பிலிருந்து வரவேணுமா?"
- "ஃபில்டர் கழுவலாமா, மாத்தத்தான் வேணுமா? என்ன விலை?"
- "வாரன்டி எத்தனை வருஷம்? மோட்டருக்கு மட்டுமா, முழுக் கருவிக்குமா?"
- "பழுதானா எங்க கொண்டுவரவேணும்? திருத்துறது இங்கயா, அனுப்புவீங்களா?"
- "ஒருக்கா போட்டுக் காட்டுங்க தம்பி."

போட்டுக் காட்டும்போது நான்கைக் கவனியுங்கள். குழாய் வாயை உள்ளங்கையால் மூடினால் மோட்டர்ச் சத்தம் மாற வேண்டும், கை நன்றாக இழுபட வேண்டும். காற்று வெளியேறும் இடத்தில் கையை வைத்துப் பார்த்தால் தூசியோ எரிந்த மணமோ வரக் கூடாது. வயரை முழுவதும் இழுத்து, பட்டனை அழுத்தித் திரும்பச் சுற்றவிட்டுப் பாருங்கள். கருவியைத் தூக்கி, குசினிப் படியில் ஏற்றுவதுபோல் இரண்டு அடி நடந்து பாருங்கள்.

பற்றுச்சீட்டில் மாடல் எண், தொடர் எண், திகதி மூன்றும் எழுதுவித்து வாங்குங்கள். பற்றுச்சீட்டுக் கேட்பது உங்கள் உரிமை. வாரன்டியை மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். வெயிலில் எழுத்து அழிந்துபோகும் வகைப் பற்றுச்சீட்டு என்றால் அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள்.

வாங்கிய பிறகு

பை முக்கால்வாசி நிரம்பியதும் மாற்றுங்கள். மோட்டருக்கு முன்னுள்ள ஃபில்டரை மாதம் ஒரு தடவை தட்டுங்கள். கழுவும் வகையானால் கழுவி, முழுதாகக் காய்ந்த பின்னரே பூட்டுங்கள். ஈர ஃபில்டரோடு ஓட்டுவது மோட்டருக்குக் கேடு. அவசரத் தேவைக்கு இரண்டாவது ஃபில்டர் உதவும். மாரியில் ஈரத்தூசி நிறைந்த பையை நாட்கணக்கில் உள்ளே விடாதீர்கள். பூஞ்சண மணம் வீடு முழுக்கப் பரவும்.

கடலைப் பார்த்த யன்னலுக்குக் கீழே கருவியை வைக்க வேண்டாம். உப்பீரம் சுவிச்சையும் மோட்டரின் செப்புப் பாகங்களையும் அரிக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, அலுமாரிக்குள்ளோ மூடிய பெட்டிக்குள்ளோ வையுங்கள். நீண்ட நாள் பாவிக்காமல் இருந்தாலும் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை சில நிமிடம் ஓட்டுங்கள்.

சில பொருட்களை ஒருபோதும் உறிஞ்சாதீர்கள். சாம்பிராணித் தணல், அடுப்புச் சாம்பல், நுளம்புச் சுருள் துண்டு ஆகியவற்றில் நெருப்பு மறைந்திருந்தால் பை தீப்பிடிக்கும். சீமெந்து, சுண்ணாம்புத் தூள் ஃபில்டரை ஒரே தடவையில் அடைத்துவிடும். உலர் வகைக் கருவியால் தண்ணீரை இழுத்தால் மின் தாக்கலாம்.

வெள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2011 ஜனவரியில் வந்தது போன்ற வெள்ளம் வீட்டுக்குள் ஏறினால், ட்ரம் வகைக் கருவி இருக்கிறதென்று உடனே போடாதீர்கள். மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். தண்ணீர் வடிந்து, பிளக் பொயின்டுகள் காய்ந்து, மின்னியலாளர் பார்த்த பிறகே மின்சாரம். எஞ்சிய ஈரத்தை எடுக்கத்தான் ட்ரம் கருவி. கருவியே தண்ணீரில் மூழ்கியிருந்தால் திருத்துபவரிடம் காட்டாமல் அதைப் பாவிக்க வேண்டாம்.

முடிவாக

கடின தரையும் ஒன்றிரண்டு மெத்தையும் உள்ள சிறிய வீட்டுக்கு: 800 முதல் 1400 வாட்ஸ், பை உள்ள சிலிண்டர், உலோகத் தடி, மென்மயிர் பிரஷ், 5 மீற்றருக்குக் குறையாத வயர். மூச்சுத் தொல்லை உள்ளவர் இருந்தால் அதே கருவி, எச்13 ஃபில்டரோடும் இறுகிய மூடியோடும். கடை, வாகனம், மணல் விறாந்தை உள்ள வீட்டுக்கு ட்ரம். ஒற்றை அறைக்கு வயர் உள்ள தடி வகை. தும்புத்தடியே போதும் என்ற வீட்டுக்கு, தும்புத்தடியே போதும்.

இரண்டு கருவிகளுக்கு இடையில் மனம் தடுமாறினால், வாட்ஸ் கூடியதை விட்டுவிட்டு, பையும் ஃபில்டரும் மட்டக்களப்பிலேயே கிடைப்பதை எடுங்கள்.